ஹென்றிக் கொடுத்த பவளம்

தரணீதரன் கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். போன வாரம்வரை காளான் போல் குடை விரித்து, அதன்மேல் விரல் விரலாக நீட்டி ஆடிய மென்பவளம், இப்போது மெழுகு பூசியது போல் சுருண்டு கிடந்தது.

அதைப் பரிசளித்தவர் டென்மார்க்கிலிருந்து துணி வாங்கும் பையர் ஹென்றிக்; இன்று மதியம் வேலம்பாளையத்தில் இருக்கும் தரணீதரனின் பனியன் கம்பெனிக்கு வருகிறார். சாயம் போகிறது என்று போன வருடம் சரக்கையே திருப்பி அனுப்பிய மனிதர். மெயிலுக்கு மெயில் பவளத்தை விசாரித்துவிட்டுத்தான் வியாபாரம் பேசுவார். பவளம் செத்தால் குளிர்கால ஆர்டரும் செத்தது என்று தரணீதரன் முடிவே கட்டிவிட்டார்.

"மீன்தொட்டிக் கடைக்காரரு சும்மா உடச் சொன்னாருங்க," என்றார் மேனேஜர் சாமியப்பன். "தொட்டியில வளர்க்க இதைவிட லேசான பவளம் இல்லைன்னாருங்க."

"சும்மா உட்டா எதுங்க வளரும்? உப்பு பத்தலீங்க. சாயப்பட்டறையில இருந்து ஒரு மூட்டை கொண்டாரச் சொல்லுங்க."

"அது துணிக்குச் சாயம் ஏத்தற உப்புங்களே."

"கடல்ல மட்டும் பேரு பாத்தா உப்புப் போடறாங்க?"

உப்பு விழுந்தது. பவளம் இன்னும் சுருங்கியது.

மேலே படிந்திருந்த ஏடுதான் மூச்சை அடைக்கிறது என்று கண்டுபிடித்த தரணீதரன், மெஷின் துடைக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். பவளம் பாறையை விட்டுக் கையோடு வந்துவிட்டது. சாமியப்பன், கடைக்காரர் கொடுத்திருந்த கடல்நீரை பக்கெட்டில் ஊற்றி அதில் போட்டுவைத்தார்.

தரணீதரன் அசரவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சாம்பிள் டெய்லராக இருக்கும் நதியாவைக் கூப்பிட்டார்.

"இதே மாதிரி ஒண்ணு தெச்சுக் குடு கண்ணு. தண்ணிக்குள்ள நிக்கோணும்."

"எந்தத் துணியில சார்?"

"எதுலயோ. நிறம் ஒத்திருந்தாச் சரி."

நதியா கெட்டிக்காரி. உள்ளே கட்டிங் வேஸ்ட்டை அடைத்து, விளிம்பைக் கீறி விரல்கள் விட்டு, மதியத்துக்குள் தைத்துவிட்டாள். பம்ப் சுழற்றும் தண்ணீரில் அது நிஜத்தைவிட நன்றாகவே ஆடியது.

ஹென்றிக் வந்தார். குனிந்து பார்த்தார். சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் கைவிட்டு, பவளத்தை வெளியே எடுத்தார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. பக்கெட்டில் சுருண்டு கிடந்த நிஜத்தையும் பார்த்துவிட்டு, அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நிஜப் பவளம் இப்படித்தான் அவ்வப்போது மூடிக்கொள்ளும். தோலை உரித்துவிட்டுத் தானே விரியும். தொடாமல் இருந்தால் போதும்," என்று ஆங்கிலத்தில் சொன்னவர், தரணீதரனை நிமிர்ந்து பார்த்தார். "அது கிடக்கட்டும். இவ்வளவு உப்புத் தண்ணீரிலும் சாயம் விடாத இந்தத் துணி யாருடையது?"

"எங்க சொந்தத் துணிங்க சார்," என்றார் தரணீதரன், நெஞ்சை நிமிர்த்தி. "நூலு, சாயம், எல்லாம் நம்மளுதே."

ஹென்றிக் கை குலுக்கினார். குளிர்கால ஆர்டர் முழுவதும் இதே துணியில் வேண்டும் என்று சொல்லிவிட்டு, சாமியப்பனோடு சாப்பிடக் கிளம்பினார். தரணீதரனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நதியா கண்ணு, அந்தத் துணி ரோல் எங்க இருக்குதுன்னு காட்டு. நாளைக்கே மெஷின்ல ஓட்டோணும்."

"ரோல் ஏது சார்? நம்ம துணின்னா சாயம் விட்டுருமேன்னு பயந்துபோயி, போன தடவை ஹென்றிக் சார் மறந்துட்டுப் போன கோட்டுத் துணியத்தான வெட்டுனேன்."