கேபிள்காரர் கொடுத்த சிவப்பு அட்டை

உலகத்தில் நீதி என்று ஒன்று இருக்குமானால், ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அதை ஒயர் இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தவர் கேபிள்தான். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில். வருஷக்கணக்காகத் தீர்ப்புகளை டைப் அடித்து என் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. இருந்தாலும் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

கேபிளுக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். பெற்றவர்கள் வைக்காமலா விட்டிருப்பார்கள்? ஆனால் கல்யாணப் பத்திரிகையில் 'உயர்திரு கேபிள் அவர்கள்' என்றுதான் எழுதிக் கொடுப்போம். அவர் மனைவியே வாசலில் நின்று, "எங்க வீட்டுக் கேபிளப் பாத்தியளா?" என்று கேட்பார். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, ஒரு மொபெட், அதன் பக்கவாட்டில் கட்டிய ஏணி. ஏணி மொபெட்டை விட நீளம். கேபிள் தெருவுக்குள் திரும்பி அரை நிமிஷம் கழித்துத்தான் ஏணியின் வால் திரும்பும்.

மளிகைக் கடை மாடியில் அவருடைய கண்ட்ரோல் ரூம். அங்கிருந்து சொந்தமாக ஒரு லோக்கல் சேனலும் நடத்தினார். பிறந்தநாள் வாழ்த்து, துக்கச் செய்தி, காணாமல் போன ஆடு எல்லாம் அதில் வரும். திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓடும் எழுத்துதான் பிற்பாடு எங்கள் தெருவின் சட்டப் புத்தகம் ஆனது.

எல்லாம் மூன்று சீசனுக்கு முன்னால் வந்த அந்த நூறு நாள் நிகழ்ச்சியால் வந்த வினை. பத்துப் பதினைந்து பேரை ஒரு வீட்டுக்குள் பூட்டி, அடித்துக்கொள்ள விட்டு, சனி ஞாயிறில் ஒருத்தர் கோட்டுப் போட்டு வந்து பஞ்சாயத்துப் பண்ணுவாரே, அந்த வகை. அந்த சீசனில் உடம்பை ஏற்றி வைத்த ஒருவன் இருந்தான். எங்கள் தெருவில் அவனுக்கு 'ஜிம்' என்று பெயர். ஒருநாள் பாத்திரம் கழுவுகிற சண்டையில், இன்னொரு போட்டியாளரைப் பார்த்து, "வெளிய வா, கைய ஒடிச்சிருவேன்" என்றான். சனிக்கிழமை கோட்டுக்காரர் வந்தார். "உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க" என்று சிரித்தார். ஜிம்மும் சிரித்தான். தெருவே கைதட்டியது.

அடுத்த வாரம், நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிற ஒரு பெண், தன் படுக்கையில் தண்ணீர் ஊற்றியவனைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னாள். எழுத்துப் பிசகாமல் அதே வார்த்தை. அவளுக்குச் சிவப்பு அட்டை. பெட்டியைக் கட்டச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஏணி தெரிகிறது.

"தங்கச்சி, உங்க கோர்ட்டுல இதுக்கு என்ன சொல்வாக?"

"எதுக்குண்ணே?"

"ஜிம்மும் கைய ஒடிப்பேன்னான். பாட்டுக்காரப் புள்ளையும் கைய ஒடிப்பேன்னுச்சு. அவனுக்குச் சிரிப்பு, இதுக்குச் சிவப்பு அட்டையா? அவன் ஒடிச்சா மட்டும் கை வலிக்காதா?"

"அண்ணே, அது டிவி. ஆளுங்க பாக்கணும்னு என்னத்தையாச்சும் பண்ணுவாங்க."

"டிவிதான தங்கச்சி என் தொழிலு? என் ஒயர்ல ஏறித்தான அந்த அநியாயம் உங்க வீட்டுக்கு வருது? நாளப்பின்ன எனக்குப் பாவம் சேராதா?"

அன்றைக்கே ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினார். யார் சொன்னது, யாரைச் சொன்னது, சொன்ன வார்த்தை என்ன, சொல்லும்போது யாரெல்லாம் சிரித்தார்கள், டிவிக்காரர் கொடுத்த தண்டனை என்ன, கேபிள் கொடுக்கும் தண்டனை என்ன என்று கட்டம் போட்டார். கோட்டுக்காரர் முன்னால் யாராவது கண்ணைக் கசக்கினால் அதற்கும் ஒரு கட்டம். "அழுகைக்கெல்லாம் தள்ளுபடி கெடையாது" என்று நோட்டு அட்டையிலேயே எழுதி வைத்திருந்தார்.

தீர்ப்பெல்லாம் லோக்கல் சேனலில் ஓட ஆரம்பித்தது. முதல் நாளே ஒரு கூத்து. ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள். பட்டுச் சட்டையும் பொட்டுமாகக் குழந்தை திரையில் சிரிக்கிறது. கீழே எழுத்து ஓடுகிறது: 'கையை ஒடிப்பேன் என்று மிரட்டிய குற்றத்துக்காக இவருக்குச் சிவப்பு அட்டை.' குழந்தையின் தகப்பனார் கேக் வெட்டிய கத்தியைக் கீழே வைக்கக்கூட மறந்து கண்ட்ரோல் ரூம் மாடிப்படி ஏறிவிட்டார். கேபிள் காலில் விழாத குறை. அடுத்த ரெண்டு நாளும் குழந்தையின் படத்தைத் துக்கச் செய்திக்கு நடுவில்கூட ஓட்டினார்.

எழுத்து மட்டும் போதவில்லை அவருக்கு. தண்டனை என்றால் உறைக்க வேண்டுமாம். ஒரு சேனலை மட்டும் தனியாக நிறுத்துகிற வசதி அவரிடம் கிடையாது. தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் பெட்டியை அணைத்தால் எங்கள் தெருவுக்கே எல்லா சேனலும் போய்விடும். அணைத்தார். ஜிம் திரும்பவும் ஒருத்தனை மிரட்டிய அன்று, சரியாகப் பத்து நிமிஷம் தெருவே கறுப்புத் திரையைப் பார்த்தது. எதிர்வீட்டு மில் மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"ஏலே கேபிளு! அவன் மிரட்டுனதுக்கு நாங்க ஏம்லே கறுப்பப் பாத்துக்கிட்டு உக்காரணும்?"

"நீங்க கைதட்டுனியள்ல? கம்பத்து வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு."

மேஸ்திரி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் கதவுக்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை.

எங்கள் தெருவில் தண்ணீர் வருவதே அபூர்வம். வருகிற அன்று வால்வைத் திறந்துவிட வேண்டும். அந்த வால்வுக் குழியின் மேல் ஒருநாள் ஒரு பெரிய கார் நின்றது. பேண்டேஜ் துணி பாக்டரி வைத்திருப்பவர்தான் எங்கள் தெருக் கமிட்டிக்குத் தலைவர். கார் அவருடைய மருமகனுடையது. அந்த மருமகனைத் தெருவே 'மாப்பிள்ளை' என்றுதான் சொல்லும். குடத்தோடு பத்துப் பெண்கள் நிற்கிறோம். நான்தான் போய், "கொஞ்சம் வண்டிய எடுங்க தம்பி" என்றேன்.

"கோர்ட்டுல டைப் அடிக்கிறவளுக்கு இம்புட்டு வாயா?" என்றார் அவர். "நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு நீ எப்படிப் போறேன்னு பாக்கேன். கைய ஒடிச்சிருவேன்."

அத்தனை பேர் முன்னால். நான் காலிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார், வடக்கே எங்கோ குளிரில். வீட்டில் நான் ஒருத்திதான். காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஆள் நடமாட்டமில்லாத முனை வழியாக நடக்க வேண்டும். மறுநாள் நான் லீவு. அதற்கு மறுநாளும் லீவு. போனில் வீட்டுக்காரர், "வீட்டப் பூட்டிட்டு வன்னியம்பட்டிக்கு எங்க அம்மாகிட்டப் போயிரு" என்றார். அவர் பட்டாளத்துச் சம்பளத்தில் செங்கல் செங்கலாகச் சேர்த்துக் கட்டிய வீடு அது. நான் நின்று சித்தாளோடு சித்தாளாகக் கல் எடுத்துக் கொடுத்த வீடு. அதைப் பூட்டிவிட்டு எவனோ ஒருத்தனுக்குப் பயந்து ஓடுவதா? அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்துவிட்டேன்.

கடைசி முயற்சியாகக் கமிட்டியில் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டார்கள். கேபிள் வழக்கம்போலக் கேமராவோடு வந்து, கண்ட்ரோல் ரூம் வரைக்கும் ஒயர் இழுத்து, லோக்கல் சேனலில் நேரலை விட்டார். தலைவர் பேசினார்:

"மாப்ள கொஞ்சம் கோவக்காரரு. மத்தபடி பச்சப்புள்ள மனசும்மா. உணர்ச்சிவசப்பட்டுட்டாரு. பெரிய மனசு பண்ணி விட்டுரு."

உணர்ச்சிவசப்பட்டுட்டாரு! கமிட்டியே தலையாட்டியது. மாப்பிள்ளை போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது கேபிள் கேமராவை விட்டுவிட்டு முன்னால் வந்தார். கையில் நோட்டு.

"செத்த நேரம் இருங்க தலைவரே. ஆடி மாசம், இதே எடம். துணி தேய்க்கிற முருகேசன் என்ன சொன்னான்? உங்க டிரைவர் காரப் பின்னால எடுக்கேன்னு அவன் வண்டில இடிச்சு, கரிப்பெட்டியத் தட்டிவிட்டாரு. கங்கு கால்ல விழுந்திருக்கு. வலி பொறுக்காம, 'கைய ஒடிச்சிருவேன்'னுட்டான். நாம என்ன குடுத்தோம்? ஞாயித்துக்கெழம சாயந்தரம் தொட்டிகிட்ட நின்னு எல்லார்ட்டயும் மன்னிப்புக் கேக்கணும். ஒரு மாசம் வண்டி தெருவுக்குள்ள வரக்கூடாது. இந்தாங்க, தங்கச்சி டைப் அடிச்ச தாளே இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், அந்தத் தாளை நான்தான் அடித்துக் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், ஓரம் விட்டு, அழகாக. முருகேசனின் ஒரு மாசத்துக் கஞ்சியைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை.

"அவனுக்கு அம்புட்டு, இவருக்கு ஒண்ணுமில்லையா? ஒரே வார்த்தைதான? டிவில பண்ணுனா பத்து நிமிசம் அணைச்சேன். இங்க எதை அணைக்க?"

தலைவர் முகம் சிவந்தது. "ஏலே, எங்க பாக்டரி லைன் வீடு அம்புட்டும் ஒன் கனெக்சன். நாளைக்கே எல்லா வீட்டுக்கும் டிஷ் மாட்டிருவேன், பாத்துக்க."

"மாட்டுங்க! மாப்ளைக்கு ஒரு நியாயம், முருகேசனுக்கு ஒரு நியாயம்னு இனி எவனாச்சும் சொன்னிய, இந்த ஒயர வச்சே கட்டி உரிச்சிருவேன் உரிச்சு!"

அவ்வளவுதான். மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கி, "இப்ப இவரு மிரட்டலையா?" என்றார். நியாயமான கேள்விதான். கேபிளும் திகைத்துப் போனார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எங்கள் எல்லார் முன்னாலும் நோட்டில் தன் பெயரை எழுதினார். 'கேபிள்' என்றுதான் எழுதினார்.

"எழுதிட்டேன். என் தண்டனைய நானே குடுத்துக்கிடுதேன். இவருக்கு என்னன்னு இப்பச் சொல்லுங்க."

தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடும் ஈரக் கையோடும் வந்து நின்றார்கள். பாதிப் பேர் அந்த பாக்டரியில் பேண்டேஜ் மடிக்கிறவர்கள். மேஸ்திரி முதலில் பேசினார்: "கேபிளு சொல்லுதது சரிதான். கைதட்டுனதுக்கு நானே பத்து நிமிசம் கறுப்பு பாத்தேன்." பின்னாலிருந்து ஒரு குரல், "மாப்ளைக்கும் அதே தாள அடிங்க!" என்றது. தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தன் ஆட்கள் என்று நினைத்தவர்கள் எல்லாரும் கேபிள் பக்கம் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் மாப்பிள்ளை தொட்டிப் பக்கம் நின்று மன்னிப்புக் கேட்டார். முனகலாகத்தான் கேட்டார். கேபிள் மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோய், "சத்தமா, ஒலி சரியா விழல" என்று இன்னொரு தரம் கேட்க வைத்தார். ஒரு மாசம் அந்தக் கார் மெயின் ரோட்டிலேயே நின்றது. தலைவரின் டிரைவரும் முருகேசனிடம் போய் மன்னிப்புக் கேட்டார். நானும் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "அந்தத் தாள நான் அடிச்சிருக்கக் கூடாது முருகேசா" என்றேன்.

"அது கெடக்கட்டும் மேடம். ஒங்க சேலை நாலு நாளாக் கெடக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார் அவர். சேலையை என் கையில் வைத்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

கேபிள் தனக்குக் கொடுத்துக்கொண்ட தண்டனை கூட்டத்துக்கு மறுநாளே திரையில் ஓடியது: 'தெருக் கூட்டத்தில் மிரட்டிப் பேசிய கேபிளுக்குச் சிவப்பு அட்டை. நிகழ்ச்சியின் கடைசி நாளைப் பார்க்கத் தடை.' பாவி மனுஷன்! முதல் நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் பார்த்து, நோட்டு தீர்ந்து இன்னொரு நோட்டு வாங்கியவர். நான் ஓடிப்போய், "அண்ணே, எனக்காகத்தான பேசுனிய? இதெல்லாம் வேண்டாம்ணே" என்று கெஞ்சினேன்.

"ஒனக்காகப் பேசுனா மிரட்டல் மிரட்டல் இல்லைன்னு ஆயிருமா தங்கச்சி? பொறவு ஜிம்முக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

கடைசி நாள் சாயந்தரம், சிக்னலை ஒரு புள்ளி குறையாமல் சரிபார்த்து, கண்ட்ரோல் ரூமைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, தெருமுனைக் கல்லில் போய் உட்கார்ந்தார். எல்லா வீட்டிலிருந்தும் சத்தம் வருமே? அதற்காக ரெண்டு காதிலும் பாக்டரிப் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். தெருவே ஓவென்று கத்தியபோதும் அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று, "நீங்க இல்லைன்னா இந்நேரம் என் வீடு பூட்டிக் கெடக்கும்ணே" என்றேன். அவர் திரும்பவில்லை. காதில் பஞ்சு. நேருக்கு நேர் சொல்ல எனக்கு வராது.

மறுநாள் காலை ஆறே முக்கால் பஸ்ஸுக்கு நடந்து போனேன். முனையில் கேபிள் அந்நேரத்துக்கே கம்பத்தில் ஏறி நின்றார். பஸ் ஏறுகிறவரைக்கும் அவர் பார்வை என்மேல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வாரமாக அந்தக் கம்பத்தில் தினமும் ஏதாவது பழுது இருந்தது.

"தங்கச்சி! தண்டனை நேத்தோட முடிஞ்சுது. சொல்லு, யாரு செயிச்சா?" என்று மேலிருந்து கேட்டார்.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். "நானும் பாக்கல."