முகம் அசையாமல் சீட்டாடிய கதை

திருமுல்லைவாயில்,
ஞாயிறு காலை.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் பார்த்தசாரதி அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் எத்திராஜ் வணங்கி எழுதுவது. இங்கு நான் ஒருவன் மட்டும் நலம். மீதி நலமெல்லாம் கட்டைப்பையில் துணிமணியோடு பூந்தமல்லிக்குத் தங்கள் வீடு வந்து சேர்ந்திருக்கும். ஹேமாவதிக்குக் காலையில் காபி கொதிக்கக் கொதிக்க வேண்டும், தாங்கள் அறிந்ததே. இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். என் போன் ஹேமாவதியின் கைப்பையில் இருக்கிறது.

அவள் தன் பக்கத்தை அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். என் பக்கத்தை நான் அழாமல் சொல்கிறேன். ஆவடி ஃபேக்டரியில் ஆயுசு பூரா இன்ஸ்பெக்‌ஷனில் இருந்துவிட்டு ரிட்டையர் ஆனவனுக்குக் குறை கண்டுபிடிக்க வீட்டில் சாம்பாரைத் தவிர வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். அந்தச் சமயத்தில்தான் என் செக்‌ஷன் கலியமூர்த்தி போனில் போக்கர் ஆடக் கற்றுக்கொடுத்தான். சாப்பாட்டு இடைவேளையில் ஷூவைக் கழற்றிவைத்து உட்காரும் என்னோடு ரம்மி ஆடியவன்தான், எனக்கு எதிரே உட்கார்ந்தால் அவன் கர்சீப் அடிக்கடி கீழே விழும், குனிந்து எடுப்பான், அப்புறம் அவனே ஜெயிப்பான், ராசியான கர்சீப். போக்கரில் கையில் ரெண்டு சீட்டு, நடுவில் அஞ்சு சீட்டு. கையில் ஒன்றும் இல்லாதவனும் எல்லாம் இருக்கிற மாதிரி பணத்தை ஏற்றிக்கொண்டே போய் எதிராளியை மிரட்டலாம். அவன் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தால் பணம் நமக்கு. இதற்குப் பெயர் ப்ளஃப். "எல்லாம் மூஞ்சியிலதான் எத்திராஜ், மூஞ்சி அசையக் கூடாது" என்று கலியமூர்த்தி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

போனில் மூஞ்சி யாருக்குத் தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். நம் பெண் வித்யாவும் அதைத்தான் கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும், ஐ.டி. கம்பெனியில்தானே வேலை. அந்த ஆட்டத்தில் சேரும்போதே ஆதார் கேட்டார்கள், என் முகத்தைப் படம் எடுத்தார்கள், கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்கள். இவ்வளவு தூரம் பரிசோதித்தவர்கள் அப்புறம் பார்க்காமலா விடுவார்கள்? அதனால் தினமும் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, ஹாலில் டியூப் லைட்டுக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்து ஆடினேன். ஒரு மிக்ஸி அளவுக்கு ஜெயித்தேன், ஒரு ஃபிரிட்ஜ் அளவுக்குத் தோற்றேன், இரண்டுக்கும் ஒரே முகம்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த முகம் அப்படியே ஒட்டிக்கொண்டது மச்சான். ஹேமாவதி புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள், நான் அசையவில்லை. மண்ணூர்பேட்டை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு அந்த முகத்தோடேயே நின்றேன், போட்டோகிராபர் துக்கத்துக்கு வந்தவரா என்று கேட்டான். கடைசியில் ஹேமாவதி எனக்கு வாதம் வந்து முகம் இழுத்துவிட்டது என்று பயந்து, ஆட்டோ பிடித்து அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய் உட்காரவைத்தாள். டாக்டர் "கொஞ்சம் சிரிங்க" என்றார். கையில் போன், போனில் இரண்டு ராஜா, நான் எப்படிச் சிரிப்பேன்? "பல்லைக் காட்டுங்க" என்றார், காட்டவில்லை. தலைக்கு ஸ்கேன் எழுதிவிட்டார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. "அதுதான் எனக்கு முன்னாடியே தெரியுமே" என்று தங்கள் தங்கை அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வித்யாவுக்குத் தாங்கள் கொண்டுவந்த சம்பந்தம்தான், ஹார்டுவேர் கடை வரதன் வீடு. தாங்கள் மெட்ரோ பள்ளத்துக்குப் பின்னால் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டபடியால் நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. வரதன், அவர் சம்சாரம் மங்களம், பையன் லோகேஷ் மூன்று பேரும் சோபாவில். எதிரே நாற்காலியில் நான், புது வேட்டி, வெறுங்கால், கல் முகம். பையன் ரொம்ப அடக்கம், தலை நிமிரவே இல்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வரதன் நகை எவ்வளவு போடுவீங்க என்று ஆரம்பித்தார். நான் பேசவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தார். "இன்னா சார், ஒண்ணுமே பேச மாட்டேன்றீங்க? சரி, நகை உங்க இஷ்டம், வுடுங்க" என்றார். அசையவில்லை. "மண்டபச் செலவு பாதிப் பாதி." அசையவில்லை. "சரி சார், மண்டபமும் நாங்களே பாத்துக்கறோம். எங்களுக்குப் பொண்ணுதான் வோணும்." கதவு இடுக்கில் ஹேமாவதி எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னை ஒரு மனுஷனாகப் பார்த்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஜெயிக்கிற கையை எவன் நிறுத்துவான்? "வெளிநாட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருக்கு, யோசிக்கிறோம்" என்று ஒரு ப்ளஃப் அடித்தேன். வெளிநாடும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். வரதன் மெதுவாக எழுந்து, "அப்ப அங்கியே குடுங்க சார், நல்லா இருக்கட்டும்" என்று வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். சீட்டைக் கவிழ்த்துவிட்டார், ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளே ஒரு குதி. அது அடங்கிய பிறகுதான் மேசையில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. தொடாத ஜாங்கிரி நாலு இருந்தது, அவ்வளவுதான்.

வித்யா கத்தவில்லை, மச்சான். கத்தியிருந்தால் தேவலாம். "அவரை எனக்குப் புடிச்சிருந்துதுப்பா. நீ எனக்காக ஒரே ஒரு தடவை சிரிச்சிருக்கலாம்" என்றாள். அப்போதும் என் முகம் அசையவில்லை. வேண்டுமென்று இல்லை, வரவில்லை. அவளும் ஹேமாவதியும் தங்கள் வீட்டுக்கு ஆட்டோ ஏறிப் போன பிறகு பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன், அழுகைதான் வந்தது.

ஆகவே தாங்கள் வரதன் கடைக்குப் போய், எத்திராஜுக்கு உடம்பு சரியில்லை, வாய் குழறிவிட்டது என்று சொல்லி எப்படியாவது சம்பந்தத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வித்யா முகத்தை இனிமேல் என்னால் நேரே பார்க்க முடியாது. ஹேமாவதி இல்லாத வீட்டில் எனக்கு ஒரு நாளும் ஓடாது என்பதையும் அவளிடம் சொல்லவும். போக்கரை அடியோடு விட்டுவிட்டேன், இனி அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன், இது சத்தியம். வரும்போது அந்தப் போனையும் ஹேமாவதியிடம் கொடுத்தனுப்பவும், பென்ஷன் மெசேஜ் பார்ப்பதற்காக மட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி. பெருமாள் எல்லோரையும் நன்றாக வைக்கட்டும், என்னையும் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளட்டும்.

தங்கள் அன்புள்ள,
எத்திராஜ்.

பின்குறிப்பு: உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது கீழ்வீட்டு ஜெபா தன் போனை எடுத்துக்கொண்டு மேலே ஓடிவந்தாள். வித்யா பேசினாள். தங்களுக்குக்கூடச் சொல்லாமல் அவளே வரதன் கடைக்குப் போய், வெளிநாட்டு மாப்பிள்ளை என்று யாரும் கிடையாது, அப்பா சும்மா சொன்னார் என்று உடைத்துவிட்டாளாம். வரதன் கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரித்திருக்கிறார். "அது அன்னிக்கே தெரியும்மா. உங்கப்பாவுக்கு மூஞ்சி கல்லு மாரி கீது, கால் கட்டைவிரல் தையல் மிஷின் மாரி ஆடிக்கினு இருந்துச்சி. நாங்க மூணு பேரும் அதத்தான் பாத்துக்கினு இருந்தோம். இல்லாத மாப்பிள்ளைக்காக ரெண்டு நாள் அலையட்டும்னுதான் எழுந்தேன். பொய் சொல்ல வராத சம்பந்தி எங்கம்மா கெடைப்பாரு? வர்ற புதன்கிழமை தட்டு மாத்திக்கலாம், ஷூ மட்டும் போட்டுக்கினு வர வேணாம்னு சொல்லு" என்றாராம். கலியமூர்த்தியின் கர்சீப் இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அதனால் இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் மேலிருந்து ஒருமுறை சத்தமாகப் படித்துக்கொண்டே கீழே குனிந்து பார்த்தேன். ஹேமாவதி இல்லாமல் ஓடாது என்ற இடத்தில் கால் கட்டைவிரல் அசையவே இல்லை. போக்கரை அடியோடு விட்டுவிட்டேன் என்ற இடத்தில் நிற்கவே இல்லை. ஆகையால் மச்சான், போன் உங்களிடமே இருக்கட்டும்.