இரண்டாவது அடுப்பு

கொள்கையளவில் ஆதரிப்பவர் என்று ஒரு ரகம் உண்டு. எதிர்ப்பவரை நம்பலாம், அவர் நேருக்கு நேர் நின்று முடியாது என்பார், நாமும் வேறு வழி பார்த்துக்கொண்டு போகலாம். ஆதரிப்பவரையும் நம்பலாம். இந்த மூன்றாவது ரகம் இருக்கிறதே, அது உங்கள் தோளில் கை போட்டு, உங்கள் பக்கமாகவே பேசிக்கொண்டு, வாசற்படி வரை கூடவே வந்து, நீங்கள் உள்ளே கால் வைக்கும்போது கதவைச் சாத்திவிடும். சாத்தும்போதும் முகத்தில் சிரிப்பு மாறாது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஆயுதம் ஒரே ஒரு சொல்: ஆனால். ஆகவே இவர்களை ஆனால்காரர்கள் என்று அழைப்பதே நியாயம்.

ஆனால்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். என்றாலும் அவர்கள் கொழித்து வளர்வது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எங்கள் ஆல்டன் ஃபால்ஸ் மாதிரியான சின்ன ஊர்களில்தான். மேப்பிள் மரங்கள், ஒரு வெள்ளைத் தேவாலயம், 'எல்லோருக்கும் இங்கே இடம் உண்டு' என்று பலகை நட்ட புல்வெளிகள், இந்தத் தட்பவெப்பம் அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஓர் ஆனால்காரர் மேல்தான் விழ வேண்டும். அவர் உங்களைத் தூக்கியும் விடுவார், கொள்கையளவில். நான் இந்த ஊரில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறவன். எனவே வெளியே நின்று கல்லெறிவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெண்டல் ஹாஸ்கின்ஸ், டேனர் சந்து, உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு ஹெர்ப்பின் வாசலையும் சேர்த்துச் சுத்தம் செய்கிறவர். தயிர் டப்பாவைக்கூட அலம்பித் துடைத்துத்தான் மறுசுழற்சித் தொட்டியில் போடுவார். தூர தேசத்தில் எங்கே யாருக்கு அநியாயம் நடந்தாலும் இரவுச் சாப்பாடு இறங்காது அவருக்கு. அநியாயம் ஊருக்குள் இருந்தால் மட்டும், அதைக் கொஞ்சம் ஆராய வேண்டியிருக்கும்.

இனி எங்கள் ஊர்ச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மனைக்கு ஒரு வீடு. ஒரு வீட்டுக்கு ஓர் அடுப்பு. நம்மவர்கள் மத்தியில் அடுப்பு இரண்டாகிவிட்டால் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்று பொருள் அல்லவா? எங்கள் நகரசபைக்கும் அதே பொருள்தான். மாடியிலோ, நிலவறையிலோ, கார் ஷெட்டின் மேலேயோ எத்தனை அறை வேண்டுமானாலும் கட்டலாம். கட்டில் போடலாம், குளியலறை வைக்கலாம், ஃப்ரிட்ஜ் வைக்கலாம். அடுப்பு வைத்தால் தீர்ந்தது. அந்த நிமிஷம் அது இரண்டாவது வீடாகிவிடும். இரண்டாவது வீடு சட்டவிரோதம்.

வாடகையோ ஆகாயத்தில் இருக்கிறது. ஊர்ப் பள்ளியில் பாடம் சொல்கிறவர்களும் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர்களும் ஊரில் குடியிருக்க முடியாது. ஆகவே பிள்ளைகள், வயதான மாமனார்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்த நர்ஸ்கள் எல்லாம் அவரவர் வசதிக்கேற்ப ஒரு மேலறையில் ஒதுங்கியிருக்கிறார்கள். பட்டினியாகவா இருப்பார்கள்? அடுப்பு இருக்கிறது. நகரசபை ஆய்வாளர் தெருப்பக்கம் வந்தால் அடுப்பின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் பூப்போட்ட துணி, துணியின் மேல் ஒரு பூச்சாடி. இதற்கு எங்கள் ஊரில் 'பூச்சாடி மேஜை' என்று பெயர். 'மேலறையில ஒரு பூச்சாடி மேஜை போட்டிருக்கோம்' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் 'அப்படியா, ரொம்ப நல்லது' என்று பேச்சை மாற்றிவிட வேண்டும். அதுதான் இங்கே நாகரிகம்.

வெண்டலின் கார் ஷெட்டுக்கு மேலேயும் ஒரு பூச்சாடி மேஜை இருந்தது. அதில் சமைத்துக்கொண்டிருந்தவள் அவர் மகள் ஃபீபி. திக்கிப் பேசும் குழந்தைகளுக்கு எங்கள் பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள், விவாகரத்து ஆனவள், அவளோடு ஐந்து வயது ஐரிஸ். போன வருஷம் வசந்த காலத்தில் நகரசபைக்கு எப்படியோ புத்தி வந்து, சட்டத்தை மாற்றலாமா என்று யோசித்தது. ஒவ்வொரு வீட்டோடும் ஒரு சின்னக் குடித்தனம் இருக்கலாம், அடுப்போடு. அதைப் பற்றி ஊர்க்காரர்கள் கருத்துச் சொல்ல ஒரு மாலை கூட்டம் போட்டார்கள். அன்று காலை ஃபீபி அப்பா வீட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

"அப்பா, இது இன்னைக்கு நிறைவேறணும். ஐரிஸ் ஸ்கூல்ல வீட்டைப் படம் வரைஞ்சிருக்கா. அடுப்பை வரைஞ்சிட்டு, மேல பூச்சாடியையும் வரைஞ்சு மறைச்சிருக்கா."

"கெட்டிக்காரி," என்றார் வெண்டல், ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி.

"கெட்டிக்காரி இல்லப்பா. பொய் சொல்லப் பழகிட்டா. நான்தான் பழக்கினேன். என்னால இனிமே ஒளிஞ்சு குடித்தனம் பண்ண முடியாது. இது நிறைவேறலைன்னா வுஸ்டர்ல ஒரு ஃப்ளாட் பார்த்து வச்சிருக்கேன். தினம் ஒரு மணி நேரம் கார் ஓட்டுறேன், பரவால்ல."

"நீ எதுக்கும்மா போகணும்? நான் ஆதரவாத்தானே பேசப் போறேன்."

"நீங்க பேசவே வேணாம்பா. வந்து உக்காந்து கை தட்டினா போதும்."

"வெண்டல், அவ சொல்றதைக் கேளு," என்றாள் மனைவி மார்சியா. "வாயைத் திறக்காம இருந்துட்டு வா."

முப்பத்தைந்து வருஷம் வகுப்பெடுத்தவரைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையா இது? பெற்ற மகளுக்காக நாலு வார்த்தை பேசாவிட்டால் அப்புறம் தகப்பன் எதற்கு? அவர் மனதார அப்படித்தான் நினைத்தார். ஆனால்காரர்கள் யாரும் வஞ்சகர்கள் அல்ல. முதல் வாக்கியத்தை அவர்கள் உண்மையாகவே சொல்கிறார்கள்.

கூட்டம் நகர மண்டபத்தில். மடக்கு நாற்காலிகள், ஓரமாக ஒரு மேஜையில் காபியும் எலுமிச்சைக் கேக்கும். மேடையில், சட்டத்தைப் பரிசீலிக்கும் நகரசபைக் குழுவின் தலைவி டெலியா ப்ராங்க். எங்கள் வழக்கப்படி, பேசுகிறவர் மைக்கின் முன்னால் வந்ததும் முதலில் பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டும், பிறகுதான் கருத்து. மூன்று நிமிஷம் ஆனால் சிவப்பு விளக்கு எரியும்.

"வெண்டல் ஹாஸ்கின்ஸ், நாப்பத்தொண்ணு, டேனர் சந்து," என்று தொடங்கினார். "இந்தத் திட்டத்தை நான் முழு மனசோட ஆதரிக்கிறேன்."

கைதட்டல். பின்வரிசையில் இருந்த ஃபீபி, தோழி ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே அவர் நிறுத்தியிருக்கலாம். விளக்கு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அதுதான் வினை.

"ஆனா," என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னென்ன வந்தன என்று கேட்டால், கார் நிறுத்த இடம் வந்தது, செப்டிக் டேங்க் வந்தது, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போதாது என்பது வந்தது, பனி அள்ளும் வண்டி திரும்ப முடியாது என்பது வந்தது, ஹெர்ப் தன் பழைய குதிரைக் கொட்டகையைக் குடித்தனமாக்கினால் அதன் ஜன்னல் தன் தக்காளிச் செடிகளைப் பார்க்கும் என்பதை ஹெர்ப்பின் பெயரைச் சொல்லாமல் சொன்னது வந்தது, கடைசியாக வசந்த காலத்தில் டேனர் சந்தைக் குறுக்கே கடப்பதாகச் சொல்லப்படும் சாலமாண்டர் என்ற, பல்லிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பிராணியும் வந்தது. அதை அவர் நேரில் பார்த்ததில்லை. பார்க்காத பிராணிக்காகக் குரல் தழுதழுத்தது.

"ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குணம் இருக்கு," என்று முடித்தார். "எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம். அந்தக் குணம் கெடக் கூடாது. திட்டம் சரியானதுதான். நேரம்தான் சரியில்ல. இடமும் கொஞ்சம் சரியில்ல."

சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தத் தடவை கைதட்டல் வேறு திசையிலிருந்து, இரண்டு மடங்காக வந்தது. வெண்டலுக்குத் திசை தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. நாற்காலிக்கு வந்து, "எப்படி?" என்று மார்சியாவின் காதில் கேட்டார்.

"யாரை ஆதரிச்ச?" என்றாள் மார்சியா.

"ஃபீபியைத்தான். வேற யாரை?"

அப்போது ஃபீபி மைக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஃபீபி ஹாஸ்கின்ஸ்," என்று பெயரை மட்டும் சொன்னாள்.

"முகவரியும் சொல்லிடும்மா," என்றாள் டெலியா.

"நாப்பத்தொண்ணு, டேனர் சந்து. கார் ஷெட்டுக்கு மேல."

மண்டபம் இருமியது. டெலியா நல்ல பெண்மணி; விழப்போகிறவளுக்குக் கை கொடுத்தாள். "அப்பா அம்மாவோட இருக்கேன்னு வச்சுக்கலாமா?"

"இல்லீங்க. அவங்க வீடு வேற, என் வீடு வேற. எனக்குத் தனி வாசல், தனி அடுப்பு."

"பூச்சாடி மேஜை," என்று ஹெர்ப் தன் இடத்திலிருந்து திருத்தினார். அவரும் உதவிக்குத்தான் வந்தார்.

"அடுப்பு, ஹெர்ப். நேத்துகூட அதுலதான் மக்ரோனி வேக வச்சேன்." அவள் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க அப்பா, தெருவுல ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம்னு சொன்னாரு. எங்க அப்பா பொய் சொல்றவர் இல்ல. அவருக்கு நாங்க கணக்குலயே வரலை, அவ்வளவுதான். இங்க யார் யார் வீட்டுல பூச்சாடி மேஜை இருக்கோ, தயவு செஞ்சு கை தூக்குங்க. எல்லாரும் தூக்கிட்டா இது ஒரு குத்தமே இல்லன்னு ஆயிடும்."

ஒரு கையும் எழவில்லை. ஹெர்ப் தன் காலணிக் கயிற்றை ஆராய்ந்தார். மேடையில் டெலியா தண்ணீர் குடித்தாள். அவள் வீட்டு நிலவறையில் அண்ணன் இருப்பது ஊரறிந்தது. என் வலது கையில் அந்த நேரம் பார்த்து ஒரு எலுமிச்சைக் கேக்குத் துண்டு இருந்தது. இடது கையில் காபி. இல்லாவிட்டால் தூக்கியிருப்பேன் என்று என் மனைவியிடம் இன்றுவரை சொல்லி வருகிறேன். எங்கள் மேலறையில் குடியிருக்கும் நர்ஸும் அதை நம்புவதாகத்தான் சொல்கிறாள்.

முடிவு? ஆதரிப்பவர்களுக்கே இத்தனை சந்தேகம் இருக்கும்போது அவசரப்படக் கூடாது என்று குழு தீர்மானித்தது. விஷயத்தை ஆராய ஒரு துணைக்குழு. அதற்குத் தலைவராக, திட்டத்தை முழு மனதோடு ஆதரிக்கும் ஒருவர். வெண்டல் எழுந்து தலை வணங்கினார். ஊருக்காகச் செய்யும்போது மறுக்க முடியுமா?

அடுத்த வாரமே ஆய்வாளர் வந்தார். வெண்டல் பழக்க தோஷத்தில் மாடிக்கு ஓடிப் பூச்சாடியை வைத்தார். ஆய்வாளர் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், எங்க வீட்டுலயும் மகன் மேலதான் இருக்கான். ஆனா உங்க பொண்ணு மைக்ல சொல்லிட்டாளே. நான் என்ன செய்யட்டும்?"

அடுப்பு இறங்கியது. வெண்டல் அதற்கும் வழி வைத்திருந்தார்.

"துணைக்குழு ஆறு மாசத்துல ஒரு முடிவு சொல்லிடும். அதுவரைக்கும் எங்க சமையலறையில சமைச்சுக்கோ."

"எனக்கு முப்பத்திமூணு வயசுப்பா," என்றாள் ஃபீபி. கோபமில்லை அவள் குரலில், களைப்புதான் இருந்தது.

சனிக்கிழமை சாமான் ஏற்றும் வண்டி வந்தது. கட்டிலின் ஒரு முனையை வெண்டலே பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ஐரிஸின் பொம்மைகளைப் பழைய துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார், உடைகிற பொம்மை ஒன்றுகூட இல்லை என்றாலும். மேலறை காலியானதும், பெருக்குகிறேன் என்று போனவர் வெகுநேரம் இறங்கி வரவில்லை. மார்சியா போய்க் கூட்டி வந்தாள்.

காரில் ஐரிஸ் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஃபீபி அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"நீ எடுத்த முடிவு நல்ல முடிவும்மா," என்றார் வெண்டல். "எனக்கு முழுச் சம்மதம். ஆனா..."

ஃபீபி காத்திருந்தாள். மார்சியாவும் காத்திருந்தாள். கார் நிறுத்தும் இடம், செப்டிக் டேங்க், சாலமாண்டர் எதுவும் உதவிக்கு வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. அதற்குப் பின்னால் சொல்ல வேண்டியது 'போகாதே' என்ற ஒன்றுதான். அதைச் சொல்லும் உரிமையைத்தான் அவர் மூன்று நிமிஷத்தில் செலவழித்திருந்தார். ஃபீபி காரில் ஏறி, "சரிப்பா, வர்றேன்," என்று வண்டியை எடுத்தாள்.

துணைக்குழு இப்போதும் மாதம் ஒருமுறை கூடுகிறது. நானும் அதில் உறுப்பினன். திட்டத்தின் தீவிர ஆதரவாளன்.

வெண்டல் மாதிரி ஆட்களை எனக்கும் தெரியும் என்று இந்நேரம் நீங்கள் சிரித்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர், பெரியப்பா, அலுவலக மேலாளர் என்று வரிசையாக முகங்களும் வந்திருக்கும். சந்தோஷம். போன மாதம் உங்கள் மாடிப் போர்ஷனைக் கேட்டு ஒருவர் வந்தாரே, நல்ல வேலை, அடக்கமான குடும்பம். அவர் பெயரைக் கேட்டீர்கள், ஊரைக் கேட்டீர்கள், சாப்பாட்டு வழக்கத்தைக் கேட்டீர்கள், பிறகு மிகவும் பிரியமாக, "எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க," என்று ஆரம்பித்தீர்கள். அந்த வாக்கியத்தை எப்படி முடித்தீர்கள்?