டெல்மர் போட்ட தரவரிசை

நவம்பர் பிறந்தால் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டெல்மர் ஹ்ருஸ்காவுக்கு ஒரே பயம்தான்: நன்றித் திருநாளன்று மாமியார் சுடும் வான்கோழி. அதை மெல்ல மனிதப் பல் போதாது. அவன் தம்பிக்கோ ஏரிக்கரையில் ஒரு குடில் இருந்தது. அங்கே மீன், பியர், நிம்மதி.

இந்த வருஷம் திருநாளுக்கு அங்கேதான் போவது என்று முடிவு கட்டினான். கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து அணிகளை வரிசைப்படுத்த அவனே ஒரு கம்ப்யூட்டர் கணக்கு எழுதியிருந்தான். வாராவாரம் அந்தப் பட்டியல் ஊர் ஓட்டல் பலகையில் தொங்கும். கடைசிப் பட்டியலில் யாருடைய கல்லூரி மேலே நிற்கிறதோ, அவர் சொல்லும் இடத்தில் திருநாள் என்று மனைவி லோர்னாவிடம் பந்தயம் கட்டினான்.

அவன் படித்தது கால்ஹூன் பல்கலைக்கழகம். அதன் மைதானத்தில் அவன் ஊரைப் போல் இருபது ஊர் உட்காரலாம். அவள் படித்தது சாண்ட்ஹில் கல்லூரி. அதன் மைதானத்தில் ஆட்டம் இல்லாத நாளில் மாடு மேயும்.

"எங்க காலேஜ் உன் பட்டியல்லயே இல்லையே டெல்மர்?"

"சேர்த்துட்டாப் போச்சு. கடைசியில ஒரு ஓரமா நிக்கட்டும்."

"உன் கம்ப்யூட்டர் ஓரவஞ்சனை பண்ணாதே?"

"அதுக்கு மாமியாரும் தெரியாது, மச்சானும் தெரியாது."

ஒரு சிக்கல். கால்ஹூன் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. ஆனால் ஜெயித்ததெல்லாம் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வித்தியாசத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. கம்ப்யூட்டரோ எத்தனை புள்ளியில் ஜெயித்தாய் என்று கேட்டது. கால்ஹூன் பதினோராவது இடத்தை விட்டு நகரவில்லை. சாண்ட்ஹில் அதற்கும் கீழேதான், பந்தயத்துக்கு ஆபத்தில்லை; ஆனாலும் ஊர் பார்க்கிறதே என்று டெல்மருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஜெயிச்சா ஜெயிச்சதுதானே?" என்றாள் லோர்னா, உருளைக்கிழங்கு உரித்தபடி. "விழுந்தவனைப் போட்டு மிதிக்கிறதுக்கு எதுக்கு மார்க்கு?"

டெல்மர் எழுந்து நின்றான். நிலவறைக்குப் படியிறங்குவதற்குள் அது அவனுடைய சொந்த யோசனையாகிவிட்டது. புள்ளிக் கணக்கை வெட்டி எறிந்தான். கால்ஹூன் ஒரே தாவலில் மேலே வந்தது; கூடவே வேறு யார் தாவினார்கள் என்று அவன் பார்க்கவில்லை.

"ஊர் சந்தேகப்படும். இனிமே கணக்கை மாத்த மாட்டேன்னு பலகையில எழுதிடேன்" என்றாள்.

எழுதினான். கையெழுத்தும் போட்டான்.

கடைசிச் சனிக்கிழமையும் கால்ஹூன் ஒரு புள்ளியில் ஜெயித்தது. பட்டியலில் இரண்டாம் இடம். முதல் இடத்தில், அந்த வருஷம் தோல்வியே காணாத ஒரே அணியான சாண்ட்ஹில்.

"அவங்க பாதிரியார் பள்ளிக்கூடத்தைத்தானே ஜெயிச்சாங்க!" என்று அலறினான் டெல்மர். "எதிராளி யாருன்னு பார்க்க வேண்டாமா? இதோ கணக்குல சேர்க்கிறேன்!"

"பலகையில கையெழுத்து இருக்கே" என்றாள் லோர்னா. "போன்ல அம்மா. உன்கிட்ட பேசணுமாம்."

மாமியார் கல்யாணமான நாள் முதல் அவனைப் பாராட்டியதே இல்லை. இன்று குரலில் தேன் சொட்டியது.

"மாப்பிள்ளை, உங்க கம்ப்யூட்டர் ரொம்ப புத்திசாலியாமே! வான்கோழித் தொடை ரெண்டும் உங்களுக்குத்தான்."