நாங்கள் கலிஃபோர்னியாவுக்குப் போகவில்லை என்பது குறித்து

பிளம் க்ரோவ், நெப்ராஸ்கா
ஜூலை 16, 1962, திங்கட்கிழமை

'பிளம் க்ரோவ் கெஜட்' வார இதழின் ஆசிரியர் திரு. கிளிஃபோர்ட் ஹானமன் அவர்களின் மேலான கவனத்துக்கு,

மெயின் தெருவில் தீவனமும் விதையும் விற்கும் லெஸ்டர் வோண்ட்ரா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ஆர்டித்தும் சுகம். தாங்களும் தங்கள் துணைவியாரும், போன மாதம் பல்சக்கரம் உடைந்த தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். மழை பரவாயில்லை. மக்காச்சோளம் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகத் தங்கள் பத்திரிகைக்குச் சந்தா கட்டி, ஒரு வரி விடாமல் படித்து வருகிறவன் நான். இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. இப்போது சொல்லப் போகிறேன்.

ஜூன் 28ஆம் தேதி இதழில், நான்காம் பக்கத்தில், 'வந்தவர் போனவர்' பகுதியில், யாரோ ஒருவர் வீட்டு மாடு இரட்டைக் கன்று போட்ட செய்திக்குக் கீழே இப்படி வந்திருந்தது: "லெஸ்டர் வோண்ட்ரா தம்பதியர் ஜூலை 14, சனிக்கிழமையன்று காரில் கலிஃபோர்னியா புறப்படுகிறார்கள். பசிபிக் கடலைக் காண்பதே நோக்கம். மூன்று வாரம் தங்குவார்கள்." ஐயா, எனக்கு அப்படி ஒரு நோக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மினசோட்டாவில் ஏரிக்கரையில் என் அண்ணன் வில்பருக்கு ஒரு மரவீடு இருக்கிறது. பதினாறு கோடைகளாக நாங்கள் அங்கேதான் போகிறோம். நானும் வில்பரும் படகில் உட்கார்ந்து மீன் பிடிப்போம், ஆர்டித் அதைப் பொரித்துப் பதினோரு பேருக்குப் பரிமாறுவாள். அவளுக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும். இரண்டு வாரமும் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்தியை நான் பார்த்தது முடிதிருத்துகிற ஓர்வில் கடையில். பாதித் தலைக்குக் கத்தரி போட்டிருந்தார். "ஏம்ப்பா லெஸ்டர், கமுக்கமா இருந்துக்கிட்டு கடலுக்கே கிளம்பிட்டியா? எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று மனம் நொந்து, மீதித் தலையை எப்படி வெட்டினார் என்பதை என்னைத் தெருவில் பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வீட்டுக்கு ஓடி வந்து ஆர்டித்திடம் பத்திரிகையை நீட்டினேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "யாரு இவங்களுக்கு இதைச் சொல்லியிருப்பா?" என்று கேட்டேன். "பேப்பர்ல போட்டிருக்காங்கன்னா விசாரிக்காமலா போட்டிருப்பாங்க" என்றாள். பத்திரிகைமேல் அவளுக்கு அத்தனை மரியாதை. அந்த மரியாதைக்குத் தாங்கள் செய்தது இது.

மறுநாள் தங்கள் அலுவலகம் வந்தேன். தாங்கள் இல்லை. அந்தப் பகுதியை எழுதும் ஓப்பல் ஸ்டென்ஸ்ருட் அம்மையார் இருந்தார். வாராவாரம் ஊரில் எல்லாருக்கும் போன் போட்டு யார் எங்கே போனார்கள், யார் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தார்கள் என்று விசாரிக்கிறவர் அவர்தானே. யார் சொன்னது என்று கேட்டேன். "தகவல் குடுத்தவங்க பேரை வெளிய சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்ல லெஸ்டர்" என்றார். "நானே வந்து சொல்றேன் ஓப்பல், நாங்க போகல" என்றேன். "அதுவும் ஒரு தகவல்தான். குறிச்சு வச்சுக்கிறேன், வியாழக்கிழமை பேப்பரைப் பாரு" என்றார். பார்த்தேன். "பயண ஏற்பாடுகளில் மும்முரமாக உள்ள திரு. லெஸ்டர் வோண்ட்ரா நமது அலுவலகத்துக்கு வருகை தந்தார்" என்று போட்டிருந்தது.

அதற்குப் பிறகு என் கடைக்குத் தீவனம் வாங்க ஒருவரும் வரவில்லை, சாமான் கொடுக்கத்தான் வந்தார்கள். லாங் பீச்சில் இருக்கிற தன் தங்கைக்கென்று ஓர்வில் புகையூட்டிய பன்றித் தொடை ஒன்று முழுதாகக் கொண்டுவந்தார். கடற்படையில் இருக்கும் மகனுக்கென்று ஒரு தாயார் ஆறு ஜாடி பீட்ரூட் ஊறுகாய் வைத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூட ஆசிரியை ஒரு காலிக் கண்ணாடிப் புட்டி கொடுத்து, பிள்ளைகளுக்குக் காட்ட அதில் கடல்தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். பாதிரியாரோ செப்டம்பர் மாதம் சர்ச்சில் நான் படம் காட்டி உரையாற்றுவதாக நாளே குறித்துவிட்டார். இது போதாதென்று டிராக்டர் விற்கும் டுவேன் பிக்ஸ்பி. போன கோடையில் எல்லோஸ்டோன் வனப்பூங்காவுக்குப் போய்வந்து, ஊரையே உட்காரவைத்து இருநூற்று நாற்பது படம் காட்டினானே, அதே டுவேன்தான். பாலைவனத்தில் ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கவிட ஒரு கித்தான் தண்ணீர்ப் பையைக் கொண்டுவந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் காரில் கட்டினான். "இது இல்லாம மொஹாவியில நுழைஞ்ச, ஆளு வத்தலாயிடுவ" என்றான். பை கட்டிய அந்தக் காரை நான் தினமும் மூன்று தெரு தள்ளியிருக்கும் என் கடைக்கு ஓட்டிப் போனேன். பார்த்தவர்கள் எல்லாம் கையசைத்தார்கள்.

சரி, இந்தக் கூத்தை வில்பர் வீட்டுக்குப் போய் மறப்போம் என்று அவனுக்குப் போன் செய்தேன். அவனுக்கும் தங்கள் பத்திரிகை தபாலில் போகிறது என்பதை மறந்துவிட்டேன். "நீதான் கடலுக்குப் போறியேடா. உன் ரூமை கிளாடிஸோட தம்பி குடும்பத்துக்குக் குடுத்துட்டேன். ஏழு பேர் வர்றாங்க" என்றான். கிளாடிஸ் என் அண்ணி. நாங்கள் போகவில்லை என்றேன். "பேப்பர்ல வந்தப்புறம் போகலன்னா எப்படி? கிளாடிஸ் கேக் வேற செஞ்சு அனுப்பியிருக்கா" என்று வைத்துவிட்டான். கேக் மறுநாள் வந்தது. 'பயணம் இனிதாகுக' என்று அதன்மேல் சர்க்கரைப் பாகில் எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அமெரிக்க வரைபடத்தை விரித்தேன். எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும். மலையில் நாலு ஜனாதிபதிகள் முகத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே போவோமா என்றேன். அப்புறம் நானே, எதிரே நின்று முறைக்கிற முகங்களைத்தான் வருஷம் பூராவும் கடையில் பார்க்கிறேனே என்று அதை அடித்தேன். டென்வர் என்றேன், அந்த உயரத்தில் காது அடைக்கும் என்று அதையும் அடித்தேன். கான்சாஸில் நிலத்தடி உப்புச் சுரங்கம் ஒன்று உண்டு, கொஞ்சம் குளுகுளுவென்று இருக்கும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஆர்டித், "எனக்கு எங்கேயானாலும் சரி" என்றாள். ஆசை என்று ஒன்று இல்லாத பெண்பிள்ளை ஐயா அவள். இருபத்தாறு வருஷத்தில் இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதில்லை. அப்படிப்பட்டவளை நடுவில் வைத்துக்கொண்டு ஊர் எங்களை ஆட்டிவைக்கிறது. கடைசியில் எங்கேயும் போவதில்லை, வீட்டிலேயே இருப்பது என்று நான் முடிவு செய்தேன். அவள் வரைபடத்தை மெதுவாக மடித்து வைத்தாள். மடிப்பு மாறாமல் அதை மடிக்கத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் அவள்தான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மெதடிஸ்ட் சபை மகளிர் பதினான்கு பேர் வாசலில் நின்றார்கள். ஷூ டப்பாவில் பொரித்த கோழி, அவித்த முட்டை, இரண்டு ஃப்ளாஸ்க் காப்பி. முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்பது? "பேருக்கு ஒரு காலிப் பெட்டியைத் தூக்கிப் போடு, ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்" என்று ஆர்டித் காதில் சொன்னேன். காலிப் பெட்டிதானே என்று தூக்கினால் கனத்தில் கை இறங்கிப் போயிற்று. பொய்யைக்கூட அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன். பதினான்கு பேரும் கைக்குட்டை ஆட்ட, மேற்கே புறப்பட்டோம். நாற்பது மைல் போய் ஒரு சோளக்காட்டு ஓரமாக நிறுத்திக் கோழியைத் தின்றோம். ஆர்டித் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படியே நேரா போனா கடல் வந்துடுமா லெஸ்டர்?" என்று கேட்டாள். "இன்னும் ஆயிரத்து நானூறு மைல் போகணும்" என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்றாள். மத்தியானம் பின்சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்தோம்.

நேற்று முழுக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே இருந்தோம். பால்காரர் பாலை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட வந்தபோது ஜன்னலுக்குக் கீழே நான் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். பாதிக் காயை அவர் தன் ஏப்ரனில் பறித்துப் போட்டுக்கொண்டதையும் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று காலை பொறுக்க முடியாமல் மீதித் தக்காளியைக் காப்பாற்றத் தோட்டத்தில் இறங்கினேன். பின்னாலிருந்து "கையைத் தூக்கு" என்று குரல். துணை ஷெரிஃப். இருபது வருஷமாக என் கடையில் கோழித்தீவனம் வாங்குகிறவர். "நான்தான்யா, லெஸ்டர்" என்றேன். உற்றுப் பார்த்தார். "மூஞ்சி அவர் மூஞ்சி மாதிரிதான் இருக்கு. ஆனா அவர் ஊர்ல இல்லையே, பேப்பர்ல போட்டிருக்கு" என்றார். ஆர்டித் வெளியே வந்து சாட்சி சொன்ன பிறகுதான் விட்டார். போகும்போது, "அப்ப எங்க தங்கச்சிக்கு நான் குடுத்துவிட்ட தேன் என்னாச்சு?" என்று வேறு கேட்டார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, வருகிற வியாழக்கிழமை இதழில், முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் தாங்கள் திருத்தம் வெளியிட வேண்டும்: 'லெஸ்டர் வோண்ட்ரா தம்பதியர் எங்கும் போகவில்லை, போகப் போவதுமில்லை, போகவேண்டும் என்று அவர்களில் யாரும் சொன்னதுமில்லை.' அந்தப் பொய்த் தகவலைக் கொடுத்த ஆசாமியின் பெயரையும் கூடவே போடவேண்டும். இல்லாவிட்டால் என் சந்தாவை நிறுத்துவதோடு, நல்ல மழை வருஷங்களில் நான் கொடுக்கும் கடை விளம்பரத்தையும் நிறுத்த யோசிப்பேன்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் அன்பு. அச்சு இயந்திரம் பழுதின்றி ஓடட்டும், அதில் உண்மை மட்டும் அச்சேறட்டும் என்ற பிரார்த்தனையுடன்,

தங்கள் பழைய சந்தாதாரன்,
லெஸ்டர் வோண்ட்ரா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரு வரியையும் போடவேண்டாம். என் கடிதங்களைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் ஆர்டித் எழுத்துப்பிழை பார்ப்பது வழக்கம். இதையும் வாங்கி நின்றபடியே படித்தாள். 'தகவலைக் கொடுத்த ஆசாமி' என்கிற இடம் வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அந்த ஆசாமி நான்தான்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏன் ஆர்டித், எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ கேட்டாத்தானே சொல்றதுக்கு. வருஷா வருஷம் வில்பர் வீட்டுக்கு எந்தத் தேதி கிளம்பலாம்னு கேப்ப. ஓப்பல் போன் பண்ணி, இந்தத் தடவை எங்க போகணும்னு இருக்க ஆர்டித்னு கேட்டா. இருபத்தாறு வருஷத்துல என்னை அப்படிக் கேட்ட முதல் ஆளு அவதான். வாயில வந்துடுச்சு. எனக்கு ஐம்பத்திரண்டு வயசாகுது லெஸ்டர், பதினாறு வருஷமா மீன் மணக்காத ஒரு லீவு நாளை நான் பாக்கல."

நான் எழுதிய ஆறு பக்கமும் மேஜையில் கிடந்தன. 'ஆசை என்று ஒன்று இல்லாத பெண்பிள்ளை' என்று நானே என் கையால் எழுதியதையும் அவள் நின்றபடி படித்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது ஐயா. "எங்க போகலாம் ஆர்டித்?" என்று கேட்டேன். மலையைச் சொல்லவில்லை, டென்வரைச் சொல்லவில்லை. அவள் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும்.

நாளைக் காலை கிளம்புகிறோம். முடிந்தால் வியாழக்கிழமை இதழில் இந்த இரண்டு வரியை மட்டும் போடுங்கள்: "திருமதி ஆர்டித் வோண்ட்ரா பசிபிக் கடலைப் பார்க்கப் போயிருக்கிறார். கணவர் கார் ஓட்டுகிறார்."