மேம்பாலத்தில் மச்சினனை முந்துவது எப்படி

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அன்று காலை பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். இனி பொறுப்பதற்கில்லை. வீட்டுக் காரைப் பந்தயக் கார் ஆக்கியே தீருவது.

காரணம், மச்சினன். மனைவியின் தம்பி, குடியிருப்பது பக்கத்துத் தெருவில். தினமும் காலையில் மேம்பாலம் ஏறும்போது சர்ரென்று முந்திக்கொண்டு போவான். போவதோடு விட்டானா? கதவுக் கண்ணாடியை இறக்கி, "வரேன் மாமா" என்று மரியாதையாக வேறு சொல்லிவிட்டுப் போவான். அந்த மரியாதைதான் வயிற்றெரிச்சல். இத்தனைக்கும் அவன் கார் இவருடையதைவிடப் பழசு. பக்கத்து இருக்கையில் மனைவி இருப்பாள். அவளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத்தான் இவர் கடை திறக்க வேண்டும். "என் தம்பி என்னமா ஓட்டுறான் பாருங்க" என்பாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒருநாள், ஒரே ஒருநாள், அவள் தன்னைப் பார்த்து அப்படிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது? அங்கேதான் அவர் மூளை ஓவராக வேலை செய்தது. நேரே தன் கூட்டாளியான மெக்கானிக்கிடமே அழைத்துப் போய்விட்டார். மெக்கானிக் பேசும் தொழில் பேச்சில் தலை சுற்றி, எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுவாள் என்பது கணக்கு.

கணக்கில் ஒன்றை மறந்துவிட்டார். விமான நிலையத்தில் அவளுக்கு என்ன வேலை? பயணிகளின் பெட்டியை எடை பார்க்கும் வேலை. பார்வையிலேயே எடை சொல்லிவிடுவாள். அழுதாலும் சரி, சிரித்தாலும் சரி, அரைக் கிலோகூட விட்டுக்கொடுக்க மாட்டாள்.

இருவரும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்தபடியே மெக்கானிக் பேசினார். அகலமான டயர், காற்றை அள்ளி இழுக்கும் ஃபில்டர், உறுமுகிற சைலன்சர் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இதெல்லாம் பண்ணாம, இதே வண்டி வேகமா போக வழியே இல்லையாண்ணே?"

கூட்டாளி என்ற பாசம் மெக்கானிக்குக்கு இருந்தது. ஆனால் தொழில் விஷயத்தில் பொய் வராது. "இருக்கும்மா. எடையைக் குறைக்கணும். பந்தயக் கார்லயே அதைத்தான் முதல்ல செய்வாங்க."

எடை என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் முகத்துக்கு ஆபீஸ் களை வந்துவிட்டது. முதலில் எடையைக் குறைத்துப் பார்ப்போம், பத்தவில்லையென்றால் சைலன்சரை நானே வாங்கித் தருகிறேன் என்றாள். கடைக்காரருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டினார்.

அன்று மாலையே டிக்கி காலியாயிற்று. வருஷக்கணக்காக அவள் எடுக்கச் சொல்லி இவர் எடுக்காத சாமான்கள். கடையின் பழைய பெயர்ப்பலகை, கால் உடைந்த மடக்கு நாற்காலி, விற்காத ஃபிரேம்கள் நிறைந்த அட்டைப்பெட்டிகள், உடம்பைக் குறைக்க வாங்கி டிக்கியைவிட்டு இறங்காமலே இருந்த இரும்புக் குண்டுகள். வண்டி கொஞ்சம் மூச்சு விட்டது. மச்சினன் என்னவோ முந்திக்கொண்டுதான் இருந்தான்.

"ஏங்க, வண்டியில இன்னும் பதினாலு கிலோ ஜாஸ்தியா இருக்கு" என்றாள் ஒரு காலை.

"எங்க?"

"உங்க பெல்ட்டுக்கு மேல."

அதோடு வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுவது நின்றது. ராச்சாப்பாடு சூப் ஆகச் சுருங்கியது. பிஸ்கட் டப்பா எதிர்வீட்டுக்குக் குடிபோயிற்று. பேன்ட் லூசானது. கடையில் வாடிக்கையாளர்கள் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் அவரே அடிக்கடி நின்று பார்த்துக்கொண்டார். வெளியில் சொல்லவில்லையே தவிர, உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. அவள் கையால் கொடுத்தால் வெறும் சூப்கூட ருசிக்கத்தான் செய்தது.

பிறகு ஒருநாள், பாலத்தின் உச்சிவரை இரண்டு கார்களும் கதவுக்குக் கதவு உரசாத குறையாகப் போயின. நூலிழையில் மச்சினன் ஜெயித்தான். கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போதாவது சைலன்சர் வாங்கித் தரக்கூடாதா என்று கெஞ்சினார்.

"எதுக்கு? இன்னும் ஒரு சுமை இருக்கு. அதை இறக்கிட்டா முந்திடலாம்" என்றாள்.

டிக்கியில் ஒன்றுமில்லை. பின் சீட்டும் காலி. அவருக்குப் புரிந்தது. தனக்காக இவள் பஸ்ஸில் போகத் துணிந்துவிட்டாள். நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று.

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"எனக்கென்ன கஷ்டம்? நம்ம ரெண்டு பேர்ல எடை ஜாஸ்தி யாருக்கு? கடை பாலத்துக்கு அந்தப் பக்கம்தான இருக்கு. நடந்து போனா உடம்புக்கும் நல்லது."

எடை விஷயத்தில் அவளிடம் வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. மறுநாள் காலை அவர் பாலத்து நடைபாதையில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து இரண்டு கார்கள் வந்தன. பாதி ஏற்றத்தில் வீட்டுக் கார், அவள் தனியாக ஓட்டிவர, மச்சினன் காரை அநாயாசமாக முந்திப் பறந்தது. அவரையும் மீறி அவர் கைதட்டிவிட்டார். என்ன இருந்தாலும் ஜெயித்தது தன் வண்டி, தன் மனைவி.

தோற்ற கார் அவரைக் கண்டு வேகம் குறைந்தது. பரவாயில்லை, பையனுக்கு நல்ல மனசு என்று ஓடிப்போய்க் கதவில் கை வைத்தார். கதவு திறக்கவில்லை. மச்சினன் தலையை மட்டும் வெளியே நீட்டி, வழக்கம்போல மரியாதையாகச் சொன்னான்:

"தப்பா நினைக்காதீங்க மாமா. உங்களை ஏத்திக்கிட்டா அக்காவைப் பிடிக்க முடியாது."