பத்தடி அண்ணனின் சிவப்புப் பொட்டு

பூமிக்குள் ஆயிரம் அடி ஆழத்தில் என்ன சத்தம் கேட்கும் என்று தெரிந்த ஒரே டிஜே, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான் பிள்ளைகளே. பூமிக்கு மேலே நாம் கூப்பிடுவதுதான் அவருக்குக் கேட்காது.

சேந்தமங்கலத்தில் எல்லாருக்கும் அவர் பத்தடி அண்ணன். பதினைந்து வருஷம் சத்தீஸ்கர் பக்கம், நிலத்தைத் துளைக்கிற ரிக் வண்டியில் போர்க்கிணறு போட்டவர். தண்ணீர் வராமல் நிலத்துக்காரர் முகம் வாடும்போதெல்லாம், "இன்னும் பத்தடி விட்டுப் பாக்கலாமுங்க" என்பார். அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. பஸ் வரவில்லையா, என் மகளுக்குக் கணக்கு வரவில்லையா, எல்லாவற்றுக்கும், "இன்னும் பத்தடி போனா வந்துரும் சாமி!"

ரிக் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் சத்தமில்லாத வேலையாகத் தேடியிருப்பார்கள். இவர் டிஜே ஆனார். "காது எதுக்குங்க? பாதம் இருக்குதல்ல" என்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்து, கண்ணை மூடி நிற்பார். பாட்டு உள்ளங்கால் வழியாக ஏறும். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கே கண் சொருகும். கொல்லிமலை மேல் மேகம் வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு முகம்.

ஒரு மண்டபத்தில் நிரந்தரமாக வேலை கிடைத்தால் ஊரிலேயே இருந்துவிடலாம். இல்லாவிட்டால் லீவு முடிகிற திங்கட்கிழமை மறுபடியும் ரிக் வண்டி. பிறகு பத்து மாதம் கழித்துத்தான் வீடு. அவர் மகள் யாழினி என் மகளோடு மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அப்பாவைப் பார்த்ததைவிடப் போனில் கேட்டதுதான் அதிகம். கைக்குழந்தையாக இருந்தபோது, போனில் ரிக் இன்ஜின் உறுமினால்தான் தூங்குவாளாம்.

அண்ணன் தொடுதிரை வைத்த பழைய லேப்டாப் ஒன்று வாங்கினார். டிஜே சாப்ட்வேரில் பொத்தான்களையும், இழுக்கிற பட்டைகளையும் நம் இஷ்டப்படி திரையில் அமைத்துக்கொள்ளலாம். நல்ல வசதிதான். ஆனால் இஷ்டம் பத்தடி அண்ணனுடையதாயிற்றே!

"லீவருன்னாக் கையில தட்டுப்படோணுமுங்க. இது எண்ணெ தடவுன தோசக்கல்லாட்ட வழுக்குது" என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். மறுநாள் பார்த்தால், திரையில் ஒவ்வொரு பொத்தான் மேலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. கண்ணை மூடிக்கொண்டு தடவியே எது எது என்று சொன்னார்.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏனுங்க, எம்பட பொட்டு அட்டை எங்கீங்க?"

தேடிக்கொண்டே வெளியே வந்தவர் கண்ணில் திரை பட்டது.

"கம்ப்யூட்டருக்குப் பதினோரு பொட்டு, கட்டுனவளுக்கு ஒண்ணுமில்லையாக்கும்!"

அது மட்டும் அண்ணனுக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை.

நான் லாரிக்குப் பெயர் எழுதுகிறவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எனக்கே ஒன்று உறுத்தியது. "அண்ணா, பட்டையக் கீழ இழுத்தாச் சத்தம் கூடுது. தலைகீழா இருக்குதே?" என்று கத்திக் கேட்டேன்.

"ரிக்குல லீவரைக் கீழ அழுத்துனாத்தான் ஆழமாப் போகும். ஆழமாப் போனாத்தானுங்க எதுவுமே கூடும்."

"செரி, இந்தச் செவப்புப் பொட்டு?"

"அது நம்ம வண்டி." அழுத்தினார். டுக்கு டுக்கு டுக்கு என்று ரிக் இன்ஜின் உறுமியது. கிளம்பி வரும்போது போனில் பதிந்துகொண்டு வந்தாராம்.

"இத எந்த விசேஷத்துலண்ணா போடுவீங்க?" என்று நான் சிரித்தேன். அவர் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து. நானும் கூடப் போனேன். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "இன்னைக்குப் பாக்கறேன். நல்லா வந்தா, வர்ற முகூர்த்தமெல்லாம் நீங்கதான்."

முதல் ஒரு மணி நேரம் பாட்டு பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது. அண்ணன் கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தார். தாய்மாமன் மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்தினார்கள். அது வீரிட்டு அழுதது.

பெரியவர் ஒருவர் ஓடிவந்து, "சத்தத்தக் கொறைங்க!" என்றார். அண்ணனுக்குக் கேட்கவில்லை. பெரியவரே பட்டையைக் கீழே இழுத்தார்.

கூடியது. பதறிப்போய் இன்னும் இழுத்தார். பந்தியில் சாம்பார் வாளி தானாக நகர்ந்தது. "கொறைய மாட்டேங்குது! கொறைய மாட்டேங்குது!" என்று கத்திக்கொண்டே அடிவரைக்கும் இழுத்தார். கொல்லிமலைக் குரங்குகள் என்ன விசேஷம் என்று கேட்டு இறங்கி வராததுதான் பாக்கி. அண்ணன் முகத்தில் மட்டும் பேரானந்தம். ஆயிரம் அடியில் தண்ணீர் பீய்ச்சிய ஆனந்தம்!

நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். கண் திறந்தவர் பட்டையை மேலே தள்ளினார். மண்டபமே அடங்கியது. குழந்தையின் அழுகை மட்டும் நின்றபாடில்லை. மண்டபத்து அம்மா எங்களை நோக்கி வந்தார். திங்கட்கிழமையே சேலை கட்டிக்கொண்டு நடந்து வருவது போல இருந்தது எனக்கு.

அண்ணன் அந்த அம்மாவைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் திறந்த வாயைத்தான் பார்த்தார். அழுகை அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. விரல் தடவித் தடவிப் போய்ச் சிவப்புப் பொட்டில் நின்றது. பட்டையை நூலளவு இறக்கினார்.

டுக்கு... டுக்கு... டுக்கு...

தூரத்தில், எங்கோ மண்ணுக்கு அடியில் யாரோ தாலாட்டுவது போல. தரை லேசாக அதிர்ந்தது. குழந்தை ஒரு விக்கல் விட்டது. இமை சொருகியது. இலைக்குக் காத்திருந்த இரண்டு தாத்தாக்களின் தலையும் சாய்ந்தது. சாப்பிட வந்திருந்த யாழினியும் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டாள்.

வந்த அம்மா தூங்குகிற குழந்தையை எட்டிப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்னங்க சொன்னாங்க?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்திலிருந்தே வரச் சொன்னார் அந்த அம்மா. திரையை வேறு யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார். நான் குனிந்து அவர் காதோரம் சொன்னேன்: "இன்னும் பத்தடி போலாமுன்னாங்கண்ணா!"

ரிக் வண்டி அவர் இல்லாமலேயே சத்தீஸ்கர் போனது. இப்போது தினமும் காலையில் அண்ணன் பாட்டுப் போட்டுப் பார்க்கும்போது எங்கள் நடுச்சுவர் அதிர்கிறது. நான் எழுதும் நம்பர் பலகையில் எட்டெல்லாம் நெளிகிறது. சுவர் அதிராத நாளில், தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போய், அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாரா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.